அவர் கப்பலை மூழ்கடித்தவன் எழுதுவது

செய்தி வந்தபோது என் வலது கையில் மைக் இருந்தது. சிதம்பரத்தில் மைக் செட் கடை வைத்திருப்பவன் நான். ஒரு காதுகுத்து விழாவுக்காகத் தெரு முழுக்கக் குழாய் கட்டிவிட்டு "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தேன். இடது கையில் போன். மறுமுனையில் பரங்கிப்பேட்டை ரபீக் பாய்.

"மாமா, டாக்டர் போயிட்டாரு."

"எங்க போனான்?" என்று நான் கேட்டது அத்தனை குழாயிலும் போய், தெருக்கோடியில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள்வரை நிமிர்ந்து பார்த்தார். பாய் அழுதார். அழுகைக்கு நடுவே ஒரு வார்த்தை சொன்னார். "உங்களுக்கு மட்டும்தான் மாமா சொல்லலை. எனக்கும் சம்பந்தம் சாருக்கும் ஆறு மாசமாவே தெரியும்."

மைக்கை அணைத்தேன். அன்று மூண்ட கோபம் இன்னும் அணையவில்லை. துக்கம் வாசலில் வந்து நிற்கிறது, இந்தக் கோபம் அதை உள்ளே விடாமல் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் பல் டாக்டர் அருள்தாஸை அறிந்தவர்களே! முப்பதாம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அவர் மனைவி ஸ்டெல்லா கேட்டார். நாலு வரியில் என்னால் ஒழுங்காகக் கொட்டாவிகூட விட முடியாது. அதிலும் இரங்கல் கூட்டத்தில் எனக்குப் பேச அனுமதி மறுக்கப்பட்டது. மேடையில் இருந்தது என் மைக். ஆம்ப்ளிஃபையர் என்னுடையது, வயர் என்னுடையது, "எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்" என்று பேசியவரின் குரலை ஊருக்குக் கொண்டுபோன குழாயும் என்னுடையது. நான் மட்டும் வயரை மிதிக்காமல் ஓரமாக நிற்க வேண்டுமாம்.

அந்தக் கூட்டத்தில் பேசியவர்களை நான் சும்மா விடுவதாக இல்லை. ஒருவர், "யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்" என்றார். இன்னொருவர், "குழந்தை மனசு, ஓய்வு நேரத்தில் பொம்மைக் கப்பல் விட்டு மகிழ்ந்தவர்" என்றார். பொம்மையாம்! இதற்கெல்லாம் சிகரமாக, மேடை நடுவில் டாக்டரின் போர்க்கப்பலுக்குச் சம்பங்கி மாலை போட்டு, முன்னால் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். "தோல்வி அறியாத கப்பல்." அட்டையை எழுதியவர் சம்பந்தம் சார். பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்துகிறவர். எட்டு வருஷமாக எங்களோடு ஞாயிறுதோறும் போர் புரிந்தவர். உண்மை தெரிந்தவர்.

நான் எழுந்தேன். அவர் வந்து தோளில் கை வைத்தார்.

"மாமா, இன்னைக்கு வேணாம்."

"ஏன் சார்? நான் என்னா, தேர்தல் பிரசாரமா பண்ணப் போறேன்?"

"கடைசியா அவர் கப்பலை மூழ்கடிச்சது நீங்க. ஸ்டெல்லா அக்கா முன்வரிசையில உக்காந்திருக்காங்க. பார்த்தா மனசு கஷ்டப்படும்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "விஷயம் தெரியாட்டியும், அவ்ளோ இளைச்சிருந்த மனுஷன்கிட்ட விட்டுக்குடுக்க உங்களுக்கு மனசு வரலை, இல்ல?"

ஆக, என் மேல் சுமத்தப்பட்ட குற்றம் இது. சாகப்போகிற நண்பனின் கப்பலை ஈவிரக்கம் இல்லாமல் சுட்டு மூழ்கடித்தேன். சுட்டேன், மறுக்கவில்லை. ஆனால் அன்று குட்டைக்கரையில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதை இந்த ஊர் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் என்னைத் தூக்கில் போடட்டும்.

முதலில் இந்த யுத்தம் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடல் ஊருக்குள் வந்துபோன வருஷம் அது. சரக்குக் கப்பல்களில் இன்ஜின் அறையில் வேலை பார்த்துவந்த ரபீக் பாய், செய்தி கேட்டுப் பரங்கிப்பேட்டைக்கு ஓடி வந்தார். தன் தெருவைப் பார்த்தார். மறுபடி கப்பல் ஏறவில்லை. அவர் பெட்டியில் ஒரு ரிமோட்டும், பாதி செய்து முடித்த ஒரு சின்னப் போர்க்கப்பலும் இருந்தன. எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில், வயது வந்த ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நின்று, தாங்களே செய்த கப்பல்களால் ஒருவரை ஒருவர் மூழ்கடிப்பதை அவர் பார்த்திருக்கிறார். பல்வலி என்று டாக்டரிடம் போனவர், வாயைத் திறந்தபடியே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கிளினிக்கைச் சாத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்களையும் சேர்த்துக்கொண்டார்.

கப்பல் ஓர் ஆளின் கை நீளம் இருக்கும். உள்ளே மரத்தில் விலா எலும்புகள். மேலே அப்பளம்போல மெல்லிய பால்சா மரத்தோல். பீரங்கிக்குள் சோடாவுக்கு அடைக்கிற அதே காஸ். குண்டு, சைக்கிளில் போடுகிற பால்ரஸ். ரிமோட்டை அழுத்தினால் பால்ரஸ் பாய்ந்து எதிரியின் தோலைத் துளைக்கும். தண்ணீர் உள்ளே போகும். உள்ளே இருக்கும் குட்டி பம்பு அதை வெளியே துப்பும். ஓட்டைகள் பம்பை ஜெயித்துவிட்டால் கப்பல் கீழே போகும். நூலில் கட்டிய ஒரு தக்கை மட்டும் மேலே வந்து, இங்கேதான் ஒருவன் மானம் போனது என்று காட்டும். மூழ்கிய கப்பலை அதன் சொந்தக்காரன்தான் இறங்கி எடுக்க வேண்டும். இதுவா பொம்மை? சொல்லுங்கள்.

எங்கள் மகாசமுத்திரம் கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு குட்டை. வயல்காரர் ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். அவருடைய எருமைகள் மேல் குண்டு படக் கூடாது. ஆகவே எருமைகள் நடுநிலை நாடுகளாக அறிவிக்கப்பட்டன. என் கப்பலின் பெயர் 'பிரம்மாண்டம்'. அதைத் தண்ணீரில் இறக்கினால் வங்காள விரிகுடாவில் நீர்மட்டம் ஒரு விரல்கடை ஏறும் என்று நான் சொல்வதுண்டு. டாக்டரின் கப்பல் 'கடைவாய்'. அரைத்துவிடும் என்று அர்த்தமாம்.

முதல் யுத்தத்திலேயே அரைத்தார். 'பிரம்மாண்டம்' மூக்கு குத்தி இறங்கியது. நான் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தக்கையைத் தேடுகிறேன். கிளினிக்கில் பூவுக்கு வலிக்குமோ என்று பேசுகிற அதே மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஆடுகிறார்.

"எப்படி மச்சான் இருக்கு தண்ணி?"

"எறங்கி வந்து பாருடா, தெரியும்!"

"நான் எதுக்கு எறங்கணும்? என் கப்பல்தான் மேல இருக்கே!"

ரத்த சம்பந்தம் கிடையாது. அவர் மாதா கோயில், நான் நடராஜர் கோயில். அன்று சேற்றில் வைத்து ஆரம்பித்த மச்சான் உறவு. அடுத்த வாரம் நான் அவரை மூழ்கடித்தேன். அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டிருந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று மேடையில் சொன்ன பெரியவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஊருக்கே போயிருப்பார்.

தோல்வி அறியாத கப்பலா? 'கடைவாய்' மூழ்காத ஞாயிறு என்றால் அன்று டாக்டர் வரவில்லை என்று அர்த்தம். குட்டையிலிருந்த கெளுத்தி மீன்கள் அதைத் தங்கள் மாமியார் வீடாக நினைத்துக்கொண்டிருந்தன. சம்பந்தம் சார் மூழ்கடித்திருக்கிறார். பாய் மூழ்கடித்திருக்கிறார். பம்பில் ஒரு தடவை அல்லித் தண்டு மாட்டி, யாரும் சுடாமல் தானாகவே மூழ்கியிருக்கிறது. பாய் ஒருமுறை பம்பைப் பெரிதாக்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது டாக்டர் சொன்னார்: "மிதக்கறதுக்காய்யா செஞ்சோம்? அதுக்குத் தெர்மாகோல் போதுமே."

எங்கள் நால்வர் சபைக்கு ஒரே ஒரு சட்டம். சுட்டவன்தான் ஒட்ட வேண்டும். யுத்தம் முடிந்ததும் கப்பலைக் கவிழ்த்துப் பலகையில் வைப்போம். எந்த ஓட்டையை யார் போட்டார்களோ, அவரே உட்கார்ந்து அதைப் பட்டம் விடுகிற மெல்லிய காகிதத்தாலும் நெயில் பாலிஷாலும் அடைக்க வேண்டும். டாக்டர் போட்ட சட்டம் அது. "நம்ம தொழில்ல இந்தச் சட்டம் இருந்திருந்தா, இன்னேரம் மிட்டாய்க் கடைக்காரன் எல்லாம் பல் அடைக்கக் கத்துக்கிட்டிருப்பான்" என்பார். தலை நரைத்த நான்கு ஆண்கள் மாறி மாறிப் போய் பாட்டில் பாட்டிலாக நெயில் பாலிஷ் வாங்கியதில், சிதம்பரத்து வளையல் கடைக்காரர் எங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருந்தார் என்பதை நான் கேட்கத் துணியவில்லை.

அந்தப் பலகையில்தான் எங்கள் சிநேகம் முழுவதும் நடந்தது. மூழ்கடித்தவனும் மூழ்கினவனும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டைகளுக்குப் பங்காளிச் சண்டை நடக்கும். "இது நம்ம ஓட்டை." "யோவ், உன் கப்பல் அந்தப் பக்கமே வரலையே!" ஒட்டி முடித்ததும் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கப்பலின் உட்பக்கம் விட்டு ஆராய்வார். சரியில்லை என்றால் பல் குத்தும் கொக்கியால் ஈரக் காகிதத்தைப் பிய்த்துவிட்டு, "மறுபடி" என்பார். நோயாளிகளுக்குக் காட்டிய பொறுமையில் பத்தில் ஒரு பங்குகூட எங்களுக்குக் கிடையாது. அதுதான் எங்களுக்குக் கிடைத்த மரியாதை.

இன்னொரு சம்பவம் சொல்ல வேண்டும். சம்பந்தம் சார் இதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி யுத்தத்தைக் காட்டச் சொன்னார்கள். ஏற்பாடு சம்பந்தம் சார். போகிற வழியில் வேனில் வைத்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"டாக்டர், ஒரு சின்ன விஷயம். பசங்க அழுவாங்கன்னு பயப்படறாங்க. யாரும் மூழ்க வேணாம். காஸ் சத்தம் மட்டும் வரட்டும். கடைசில நீங்க ஜெயிக்கிற மாதிரி…"

"வண்டிய நிறுத்து."

"டாக்டர், சும்மா ஒரு ஷோதானே?"

"முன்னாடியே ஜெயிச்சுட்டேன்னு சொல்லிட்டீங்களே, அப்புறம் நான் எதுக்கு வரணும்? மாலைய மட்டும் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க."

வேனை விட்டு இறங்கிவிட்டார். நெல்லிக்குப்பம் சாலையில் கப்பலைத் தோளில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்றார். கரும்பு லாரிக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் நாங்கள்தான் கெஞ்சி ஏற்றிக்கொண்டோம். தொட்டியில் உண்மையாகவே சண்டை நடந்தது. டாக்டர்தான் மூழ்கினார். பிள்ளைகள் யாரும் அழவில்லை, கூரை பறக்கக் கத்தினார்கள். சட்டை நனையத் தொட்டிக்குள் இறங்கிக் கப்பலை எடுத்த டாக்டரின் முகத்தை அன்று சம்பந்தம் சார் பக்கத்திலிருந்து பார்த்தார். பார்த்தவர்தான் அந்த அட்டையை எழுதினார். என் கோபம் அவர் முட்டாள் என்பதால் வந்ததில்லை. அவர் முட்டாளே இல்லை. தெரிந்தும் செய்தார்.

இனி கடைசி யுத்தத்துக்கு வருகிறேன்.

'தானே' புயல் அடித்து ஓய்ந்த பிறகு இந்தக் கடலூர் ஜில்லா எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலா, முந்திரி எல்லாம் வேரோடு படுத்துக் கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. டாக்டரின் கிளினிக் போர்டு எந்த ஊரில் போய் விழுந்ததோ, இன்றுவரை தகவல் இல்லை. என் குழாய்கள் பாதி வானுலகம் போய்விட்டன, அங்கே இப்போது என் செலவில்தான் அறிவிப்பு நடக்கிறது. அந்த நாட்களில்தான் ரபீக் பாய் யாரையோ பார்க்கப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே புற்றுநோய்ப் பிரிவில், கையில் ஃபைலுடன் டாக்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் திரும்பி வந்திருக்கிறார். விசாரித்ததில் காப்பாற்ற முடியாத கட்டம் என்று தெரிந்திருக்கிறது. சம்பந்தம் சாரிடம் சொன்னார். இரண்டு பேரும் கூடிப் பேசி, தங்களுக்குத் தெரியும் என்பது டாக்டருக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்தார்கள். எனக்கும் தெரியக் கூடாது. மைக் செட்காரனிடம் சொன்னால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு வந்துவிடுமாம்.

மாசி மாசத்து ஞாயிறு ஒன்றில் எல்லோரும் குட்டைக்குப் போனோம். டாக்டர் இளைத்திருந்தார். யாரோ கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கப்பல் ஓட்டினார்.

"என்னாடா, ஸ்டெல்லா சோறு போடறதை நிறுத்திட்டாளா?" என்றேன்.

"கரண்ட் இல்லயே மச்சான். மிக்ஸி ஓடாம சட்னியில்ல" என்றார். நான் நம்பினேன். சட்னியில்லாமல் மனிதன் இப்படி இளைப்பான் என்று நம்பிய ஒரே அறிவாளி இந்த ஜில்லாவில் நான்தான்.

யுத்தம் ஆரம்பித்தது. பாயும் சம்பந்தம் சாரும் டாக்டரின் வலது பக்கம். நான் இடது பக்கம். வலது பக்கத்து இரண்டு பீரங்கிகளும் தீபாவளி மாதிரி வெடித்தன. தண்ணீர்தான் தெறித்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு 'கடைவாய்' தெரிந்தது, அதன் இடது விலா தெரிந்தது, என் பெருவிரல் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. கப்பல் சாய்ந்தது. தக்கை மேலே வந்தது. நான் வரப்பில் ஆடினேன். நல்ல ஆட்டம், சந்தேகமே வேண்டாம்.

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சம்பந்தம் சார் ஓடி வந்தார். "நீங்க உக்காருங்க டாக்டர், நான் எடுத்தாறேன்."

"என் கப்பல் சார். நானே எடுக்கறேன்."

அவர் இறங்கினார். மெதுவாகப் போனார். கரையிலிருந்து நான் கத்தினேன். "எப்படி மச்சான் இருக்கு தண்ணி?" பாய் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தென்னை மரம் பற்றியிருக்கும். எதற்கு இந்தப் பார்வை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் தண்ணீருக்குள் இருந்தவர் திரும்பி, "சூப்பரா இருக்குடா, உன் சொத்தைப் பல்லு மாதிரி!" என்று கத்தினார்.

கப்பலைக் கவிழ்த்துப் பலகையில் வைத்தோம். ஓட்டைகளைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தோம். இடது பக்கம் சல்லடை. வலது பக்கம் பிறந்த குழந்தையின் கன்னம்.

இங்கேதான் அந்த இரண்டு மகான்களும் தங்களைக் காட்டிக்கொடுத்தார்கள். எல்லா ஓட்டையும் என்னுடையது என்றால் சந்தேகம் வரும் என்று பயந்தார்களோ என்னவோ, பாய் இடது பக்கத்தில் ஓர் ஓட்டையைத் தொட்டு, "இது நம்மளது" என்றார். சம்பந்தம் சார் அதற்குப் பக்கத்தில் இரண்டைத் தொட்டு, "இது ரெண்டும் நான்" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்னா சார் அநியாயம்! அந்தப் பக்கம் நின்னுக்கினு இந்தப் பக்கத்து ஓட்டையைக் கேக்கறீங்க? உங்க குண்டு என்னா கப்பலைச் சுத்தி வந்து பாஞ்சுதா?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கப்பலைத் திருப்பினார். வலது பக்கத்தைப் பெருவிரலால் முன்னிருந்து பின்வரை ஒருமுறை தடவினார். ஈறில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிற அதே விரல்.

"பாய், நீ எந்தப் பக்கம் இருந்தே?"

பாய் தரையைப் பார்த்தார்.

"சார்?"

சம்பந்தம் சார் நெயில் பாலிஷைத் தடவிக் காகிதத்தை ஒட்ட ஆரம்பித்தார். டாக்டர் பையிலிருந்து கொக்கியை எடுத்தார். அந்த ஈரக் காகிதத்தை ஓர் ஓரத்தில் நெம்பி, முழுசாக உரித்து எறிந்தார். "இது மச்சான் ஓட்டை. அவன் ஒட்டிக்குவான். நீங்க கெளம்புங்க." அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர்கள் இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். நோயில் வருகிற எரிச்சல் என்று நினைத்திருப்பார்கள்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். நான் ஒட்டினேன். அவர் சொன்னார்: "ரெண்டு பேரும் எனக்கு மாலை போட்டுட்டானுங்க மச்சான்."

"எப்ப?"

"இப்பத்தான்."

எனக்குப் புரியவில்லை. என் குறியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அதிலிருந்தாவது நான் சந்தேகப்பட்டிருக்கலாம். கடைசியில் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். எல்லா ஓட்டையும் ஒரே தடவையில் தேறியது அன்று ஒருநாள்தான்.

அதன் பிறகு அவர் குட்டைக்கு வரவில்லை. கேட்டால் கிளினிக்கில் கூட்டம் ஜாஸ்தி என்பார்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் வாசலில் சம்பந்தம் சாரை மடக்கினேன். வயர் சுற்றிக்கொண்டிருந்த என் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு சத்தம்.

"அவருக்கு ஒரு நல்ல நாள் குடுக்கணும்னு நெனச்சோம் மாமா. அது தப்பா?"

"தப்பு சார். ஒரு நாளைக் குடுக்கறேன்னு அவன் இருந்த நாளையே பிடுங்கிட்டீங்க. வேன்ல இருந்து எறங்கி நின்னானே, ஞாபகம் இல்ல?"

"அது வெளையாட்டு. இது உசுரு."

"அவனுக்கு ரெண்டும் வேற வேறன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

சம்பந்தம் சார் என்னை நேராகப் பார்த்தார். "சரி மாமா. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. நீங்க சுட்டிருப்பீங்களா?"

வாயால் பிழைக்கிறவன் நான். வயரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. தெரிந்திருந்தால் நானும் தண்ணீரைத்தான் சுட்டிருப்பேன். அவர்களைவிட மோசமாக, அழுதுகொண்டே சுட்டிருப்பேன். அப்படியென்றால் என் கோபத்துக்கு என்ன யோக்கியதை? தெரியாதவன் என்ற ஒரே காரணத்தால் நேர்மையாக நடந்துகொண்டவன் அடுத்தவனைத் திட்டலாமா? அந்தக் கேள்வியோடு கோபம் டாக்டர் பக்கம் திரும்பியது. ஏண்டா எனக்குச் சொல்லவில்லை? எட்டு வருஷம் முழங்கால் இடிக்க உட்கார்ந்தவனிடம் சொல்ல முடியாத சேதியா? செத்தவரைத் திட்டக் கூடாதாம். திட்டினேன். என் வீட்டுச் சுவர்கள் சாட்சி.

மலருக்கு எழுதக் கேட்டு ஸ்டெல்லா கடைக்கு வந்தபோது, அந்தத் திட்டையே அவரிடமும் திட்டிவிட்டேன். தங்கச்சி முறை. பொறுத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நானும் கேட்டேன் அண்ணே. எல்லார்கிட்டயும் மறைக்கறீங்க, அண்ணன்கிட்டயாவது சொல்லுங்களேன்னு. 'அவன்கிட்ட சொன்னா அவன் குறியும் தப்பிடும் ஸ்டெல்லா. அப்புறம் என்னைச் சுடறதுக்கு யாரு இருக்கா?'ன்னு கேட்டாரு."

நான் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து தொடர்ந்தார்.

"அன்னைக்கு ஈர வேட்டியோட வந்து உக்காந்தாரு. பாயையும் சாரையும் திட்டுன திட்டு, காது குடுத்துக் கேக்க முடியல. ஜெபம் பண்ற வீடுன்னு பாக்கல. அவ்ளோ கோபமா அவரைப் பார்த்து ரொம்ப நாளாச்சு அண்ணே. ஊசி போட ஆரம்பிச்சதிலிருந்து எல்லாத்துக்கும் சரி சரின்னுக்கினு இருந்தாரு. அன்னைக்கு ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்ட்டாரு." கிளம்பும்போது, "அந்த அட்டையை நான் எடுத்துட்டேன்" என்றும் சொன்னார்.

போன ஞாயிறு பாயையும் சம்பந்தம் சாரையும் குட்டைக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். ஸ்டெல்லா சொன்னதைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, என் வாழ்க்கையில் இது முதல் தடவை. பாய் மூக்கைச் சிந்தினார். சம்பந்தம் சார் கப்பலைத் தண்ணீரில் விட்டார். நேராக என்னை நோக்கி வந்தார். நான் தப்ப முயன்றேன், விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, துடைத்துக்கொண்டு சுட்டார். 'பிரம்மாண்டம்' எருமைகள் பார்த்திருக்கக் கவிழ்ந்தது. நான் இறங்கிப் போய் எடுத்தேன். பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒட்டினார். மட்டமான ஒட்டு. பிய்த்துப் போட்டேன். "மறுபடி" என்றேன். மறுபடி ஒட்டினார்.

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்பீர்கள். கப்பல் ஸ்டெல்லாவிடம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். அவருடைய கனிவு, அமைதி, புன்னகை எல்லாவற்றையும் மேடையில் பேசியவர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். யாரும் சீந்தாமல் கிடந்தது அந்த மாசி ஞாயிற்றுக் கோபம். என்னை உயிரோடு இருக்கிறவனாக நடத்துங்கள் என்று கேட்ட கோபம். அதை நான் எடுத்துக்கொண்டேன். யாருக்கும் பங்கு தர மாட்டேன்.

எனக்கும் ஒருநாள் அந்த ஃபைல் கைக்கு வரும். பாய், சார், அன்றைக்கு நீங்கள் இருவரும் கரையில் நின்று அழுதுகொள்ளுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பெருவிரல் தவறக் கூடாது. விலாவைப் பார்த்துச் சுடுங்கள்.